நந்தவனத்தில் வளர்ந்த குழந்தை: பெரியாழ்வார் சரிதம்

ஆனி மாதத்து ஸ்வாதித் திருநாள் வரும்போதெல்லாம் நாம் பெரியாழ்வாரைப் பல்லாண்டு பாடியவராகவே நினைத்து ஸேவிக்கிறோம். அது முற்றிலும் தகும். எல்லோரையும் காக்கும் எம்பெருமானுக்கே காப்பிட்டுப் பாடிய பரிவினால்தான் விஷ்ணுசித்தர் என்ற திருநாமமுடைய அவர் பெரியாழ்வார் ஆனார் என்று நம் ஆசார்யர்கள் நிர்வஹித்திருக்கிறார்கள். ஆயினும் அவர் யானைமேல் அமர்ந்து பாடியது ஒரு நாள். மற்ற நாள்களெல்லாம் அவர் நின்றது துளசிப் பாத்தியில். மண்ணைக் கொத்துவது, நீர் பாய்ச்சுவது, மலர் கொய்வது, மாலை தொடுப்பது, அதைத் தலையில் ஏந்திச் சென்று ஸமர்ப்பிப்பது என்று அவருடைய காலம் கழிந்தது. அந்தத் தோட்டப் பணியையும், அத்தோட்டத்திலேயே அவர் வளர்த்த குழந்தையையும் ஒருசேர வைத்து இம்மாதம் அவருடைய சரிதத்தைச் சிந்திப்போம்.

பாண்டிய நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் முகுந்தருக்கும் பத்மவல்லிக்கும் திருமகனாராக, கருடாம்சராக அவதரித்தவர் விஷ்ணுசித்தர். ஆராய்ச்சியாளர் இவர் காலத்தை 8, 9ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வைப்பர். ஊரில் எழுந்தருளியிருக்கும் வடபெருங்கோயிலுடையானாகிய வடபத்ரசாயியிடம் இளமையிலேயே அவருக்கு ஆழ்ந்த பக்தி உண்டாயிற்று. பக்தி உண்டான பின், அதை எந்தக் கைங்கர்யத்தால் நிறைவேற்றுவது என்ற கேள்வி எழுந்தது. சாஸ்திரம் ஓதலாம், யாகம் செய்யலாம், தலயாத்திரை போகலாம். அவரோ கண்ணன் எதை விரும்பி உகந்தான் என்று ஆராய்ந்தார்.

அப்போது அவர் நெஞ்சில் நின்றது வடமதுரையில் நடந்த ஒரு நிகழ்ச்சி. கம்ஸன் அழைப்பினால் அந்நகரத்துக்குள் நுழைந்த கண்ணனும் பலராமனும் மாலைகட்டுபவன் ஒருவனுடைய வீட்டைத் தேடிச் சென்று பூ வேண்டினர். அரசனுக்கு வேண்டியவர், நகரத்துச் செல்வர் என எத்தனையோ பேர் அவ்வூரில் இருந்தனர். கண்ணன் கேட்டுப் பெற்றதோ ஓர் எளிய மாலாகாரன் மனமுவந்து தொடுத்த மாலையை. கேட்டு வாங்கும் அளவுக்கு அவனுக்குப் பூவில் ஆசை உண்டென்றால், அதை வளர்த்துக் கொடுப்பதைவிட உயர்ந்த பணி வேறில்லை என்று விஷ்ணுசித்தர் துணிந்தார். நல்ல நிலம் பார்த்து நந்தவனம் அமைத்தார்.

அந்த நந்தவனம் எத்தன்மையது என்பதை அவருடைய திருமொழியிலிருந்தே ஓரளவு உய்த்துணரலாம். கன்றுகளின் பின் வெயிலில் ஓடும் கண்ணனைப் பூச்சூட வருமாறு யசோதையின் நிலையில் நின்று அழைக்கும் பதிகம் ஒன்று இரண்டாம் பத்தில் உண்டு. அதில் செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், மரு, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை எனப் பெயர்கள் அணிவகுக்கின்றன. இவற்றைச் சொல்லழகுக்காக அடுக்கிய பட்டியல் என்று நாம் விரைந்து கடந்துவிடலாகாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான உழைப்பைக் கேட்பது. செண்பகமும் புன்னையும் பாதிரியும் மரங்கள். நட்டவன் பூவைக் காண ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும். குருக்கத்தி படர்ந்தேறும் கொடி; அதற்குக் கொழுகொம்போ பந்தலோ வேண்டும். செங்கழுநீர்க்கு நீர்நிலை வேண்டும். தமனகமும் துளசியும் பொடி விதையிலிருந்து எழும் மென்மையான செடிகள். வெள்ளமாக நீர் விட்டால் விதை அடித்துக்கொண்டு போகும், விடாவிட்டால் முளை கருகும். இத்தனையும் அறிந்த கைகள் எழுதிய பதிகம் அது.

அக்கைகள்தாம் மதுரைக்குச் செல்ல அஞ்சின. அப்போது அங்கே ஆண்டவன் ஸ்ரீவல்லபதேவன். இரவில் நகர்சோதனைக்குப் புறப்பட்ட அவன், திண்ணை ஒன்றில் படுத்திருந்த வழிப்போக்கரான அந்தணரைக் கண்டு, நல்வார்த்தை ஒன்று சொல்லும்படி கேட்டான். மழைக்காலம் நான்கு மாதத்துக்கு வேண்டியதை மற்ற எட்டு மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர் கூறினார். வங்கியில் அமர்ந்து நெடுங்காலம் பிறருக்குச் சேமிப்பைப் பற்றி எடுத்துரைத்த நம் போன்றோர், இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அப்பாடத்தைச் சொல்லிவிட முடியாது. முதல் மூன்றுக்கும் அரசனிடம் குறைவில்லை. நான்காவதற்கு என்ன வழி என்ற கவலை அவனைப் பற்றிக்கொண்டது.

புரோஹிதரான செல்வநம்பியின் யோசனைப்படி, பரதத்துவம் எது என்பதை நிலைநாட்டுவோர்க்கென்று பொற்கிழி ஒன்று கம்பத்தில் கட்டப்பட்டது. உண்மை நிலைநாட்டப்பட்டால் அது தானே தாழ்ந்து வரும் என்பது ஏற்பாடு. வித்வான்கள் பலர் கூடினர். வடபத்ரசாயியோ விஷ்ணுசித்தரின் கனவில் தோன்றி, நீ போய்க் கிழியை அறுத்து வா என்று நியமித்தருளினார். மண் கொத்தித் தழும்பேறிய கைகளைக் காட்டி, தோட்ட வேலையன்றி வேறொன்றும் பயிலாத அடியேன் அப்பெரிய ஸபையில் என்ன பேசுவேன் என்று அவர் விண்ணப்பித்தார். பேசுவிப்பது நம் பொறுப்பு என்று பெருமான் திருவுள்ளமாயிற்று. சென்றார். வேதங்களின் பொருள் அவர் நாவில் தடையின்றி வந்தது. ஸ்ரீமந் நாராயணனே பரம்பொருள் என்று அவர் நிலைநாட்டக் கம்பம் வளைந்து கிழி தாழ்ந்தது.

அரசன் அவருக்குப் பட்டர்பிரான் என்று பெயரிட்டு, யானைமீது ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அதைக் காண எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் வானத்தில் எழுந்தருளினான். ஸேவித்தவர் தமக்கு வரம் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு அழகும் இத்தனை பேர் கண்ணிலும் படுகிறதே, கண்ணேறு பட்டுவிடுமே என்று அவர் நெஞ்சு பதறிற்று. யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார். முளைத்த நாற்றைக் கோழி கிளறிவிடுமோ, வெயில் சுட்டுவிடுமோ என்று நாள்தோறும் காவல் நின்ற ஒருவருக்கு இந்தப் பதற்றம் இயல்பாகவே வரும் என்று நமக்குத் தோன்றுகிறது. காப்பவனையே காக்க வேண்டிய குழந்தையாகக் கண்டது அவருடைய தனிச்சிறப்பு.

அரசவையில் வென்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினார். பெற்ற பொருளைக் கோயில் கோபுரத் திருப்பணிக்கு ஆக்கினார் என்பது ஊர் வழக்கு. 11 நிலைகளோடு இன்றும் ஓங்கி நிற்கும் அக்கோபுரத்தின் வடிவையே தமிழ்நாட்டரசின் இலச்சினையில் காண்கிறோம் என்பர். பொருளைப் பெருமானுக்கே ஆக்கிவிட்டு அவர் மறுபடியும் பூக்குடலையை ஏந்தினார். மாலைப் பணியோடு கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் பாடும் பணியும் சேர்ந்தது. பிறப்பு, தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, நீராட்டம், குழல்வாரல், பூச்சூட்டல், காப்பிடல் என்று ஒரு தாய் பிள்ளையோடு கழிக்கும் நாள்கள் முழுவதும் அப்பாசுரங்களில் நிறைந்துள்ளன. திருப்பல்லாண்டையும் சேர்த்து அவர் அருளியவை 473 பாசுரங்கள்.

இப்படிப் பாட்டில் பிள்ளை வளர்த்தவருக்கு மண்ணில் ஒரு பெண்பிள்ளை கிடைத்தது ஆடிப் பூரத்தன்று. துளசிப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தபோது செடியடியில் குழந்தை ஒன்றைக் கண்டெடுத்தார். பூமிப்பிராட்டியே அங்ஙனம் அவதரித்தாள் என்பது நம் ஸித்தாந்தம். கோதை என்று பெயரிட்டார். அச்சொல்லுக்குத் தமிழில் மாலை என்றும் பொருளுண்டு. மாலை தொடுப்பவர் தம் மகளுக்கு மாலை என்றே பெயரிட்டார்.

கோதையை அவர் எவ்வாறு வளர்த்தார் என்பதைக் குருபரம்பரை விரித்துரைக்கவில்லை. அதற்குச் சான்று அவளுடைய பிரபந்தங்களே. நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலையைப் பாடும்போதும், மழைக்காலத்து மலர்களைப் பாடும்போதும் அவள் பூக்களை எட்ட நின்று வர்ணிப்பதில்லை. வீட்டு மனுஷிகளோடு பேசுவதுபோல் அவற்றை அழைத்து முறையிடுகிறாள், சண்டையிடுகிறாள். கருவிளையும் காயாவும் எம்பெருமானின் நிறத்தைத் தாங்கிக்கொண்டு தன்னை வாட்டுவதாகக் குறைபடுகிறாள். முல்லையும் கோவையும் காந்தளும் அவளிடம் வழக்குக்கு நிற்கின்றன. நந்தவனத்தில் தவழ்ந்து, பாத்தி ஓரத்தில் நடைபயின்று, தகப்பனாரின் குடலையில் தானும் பூவிட்டு வளர்ந்தாலன்றி இந்த உரிமை ஒருத்திக்கு வாராது. தந்தை பக்தியைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததைவிட, பணியில் உடன் வைத்துக்கொண்டதுதான் அதிகமாயிருக்க வேண்டும்.

அந்தப் பணியிலேயே ஒரு நாள் பெருஞ்சோதனை நேர்ந்தது. பெருமானுக்கென்று தொடுத்து வைத்த மாலையைக் கோதை தான் சூடி, இது அவனுக்கு ஏற்குமா, தான் அவனுக்கு ஏற்றவளா என்று அழகு பார்த்து, மறுபடியும் குடலையில் வைத்துவந்தாள். அவள் நிழல் பார்த்ததாகக் கூறும் கண்ணாடிக் கிணற்றை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் காட்டுகிறார்கள். இதைக் கண்ட ஆழ்வார் நடுங்கினார். பெருமானுக்கென்று தொடுக்கும் பூவை முகர்வதும் அபசாரம் என்னும் நெறியில் நின்றவர் அவர். மகளைக் கண்டித்து, அன்று மாலை ஸமர்ப்பிக்காமலே இருந்தார். வாழ்நாள் முழுதும் பேணிய கைங்கர்யம் தன் வீட்டுக்குள்ளேயே பழுதுபட்டது என்ற வேதனை அவரை வாட்டியது.

அன்றிரவு எம்பெருமான் கனவில் எழுந்தருளி, மாலை வாராத காரணம் வினவினான். ஆழ்வார் நடந்ததைச் சொல்ல, அவள் சூடிய மாலையே நமக்கு மணமுடையது, அதுவே வேண்டும் என்று அருளிச்செய்தான். வளர்த்த தந்தைக்கு அதுவரை தெரியாதிருந்த ஒன்று அப்போது தெரிந்தது. குழந்தை தன் பணியைக் கெடுக்கவில்லை. தன்னைக் கடந்து போய்விட்டாள். அவர் பூவைக் கொடுத்தார். அவள் பூவோடு தன்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அன்றுமுதல் அவள் சூடிக்கொடுத்த நாச்சியார் ஆனாள். ஆனித் திருநாளில் பிறந்தவர் ஆடித் திருநாளில் பிறந்தவளிடம் பாடம் கேட்ட நாள் அது.

பின்பு நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். மானிடர்க்கு என்று தன்னைப் பேசினால் வாழமாட்டேன் என்ற உறுதியில் கோதை நின்றாள். திருவரங்கத்து எம்பெருமானின் நியமனப்படி பரிவாரங்கள் வந்தன. ஆழ்வார் மகளைப் பல்லக்கில் ஏற்றித் திருவரங்கம் அழைத்துச் சென்றார். அவள் உள்ளே சென்று பெருமானோடு கலந்தாள். மாமனாராகிய பெருமையோடு ஆழ்வார் ஊர் திரும்பினார். வீட்டில் குழந்தை இல்லை, நந்தவனம் இருந்தது.

மூன்றாம் பத்தில், கண்ணனோடு சென்றுவிட்ட மகளை நினைத்துத் தாய் புலம்பும் பதிகம் ஒன்றை ஆழ்வார் பாடியிருக்கிறார். வெறிச்சோடிய வீட்டுக்கு அத்தாய் கூறும் உவமை, பனி பெய்து மலர்கள் அழகழிந்த தாமரைப் பொய்கை. தாய்ப்பாசுரம் என்ற முறையில் அதற்கு உரை வேறாக இருப்பினும், ஸேவிப்போர் பலர் அதில் கோதையைப் பிரிந்த தந்தையின் குரலையே கேட்கின்றனர். தோட்டக்காரர் தம் துயரையும் தோட்டத்திலிருந்தே எடுத்துச் சொன்னார். ஆனால் எங்கும் அவர் மகளைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. பிறர் வைப்பாக வைத்த பொருளைக் காத்து, உடையவன் கேட்டபோது குறைவின்றித் திருப்பிக் கொடுப்பதே காப்பாளன் கடமை. பூவும் அவனுடையது, பெண்ணும் அவனுடையவள் என்று கண்டவர் அவர். இறுதிக் காலத்தை அழகர் எழுந்தருளியிருக்கும் திருமாலிருஞ்சோலையில் கழித்துப் பரமபதம் அடைந்தார் என்பர்.

அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோத்ஸவத்துக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் அழகருக்கும் செல்கிறது. அவள் கையில் இலைகளால் செய்த கிளி நாள்தோறும் புதிதாக அமைகிறது. அதன் அலகு மாதுளம்பூ. அவருடைய பாசுரங்களுக்கும் ஒரு தோட்டத்தின் கதையே நேர்ந்தது. பெரியவாச்சான்பிள்ளை அருளிய பெரியாழ்வார் திருமொழி வியாக்யானத்தில் பெரும்பகுதியைச் செல் அரித்துவிட, அழிந்த பகுதிக்கு மணவாள மாமுனிகள் உரையிட்டு நிறைவு செய்தார். பட்டுப்போன இடத்தில் மறுநாற்று நடுவோர் நம் ஸம்ப்ரதாயத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

இனி நம் கடமைக்கு வருவோம். நம் பேரக்குழந்தைகள் திருப்பாவை முப்பதும் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டு மகிழ்கிறோம். அவர்களில் எத்தனை பேர் தாமே வளர்த்த ஒரு பூவைப் பெருமாளுக்கு ஸமர்ப்பித்திருப்பர்? கடையில் முழம் போட்டு வாங்கிய பூவையே அறிந்த குழந்தைக்கு, பூச்சூட்டல் பதிகம் வெறும் பெயர்ப் பட்டியலாகவே நின்றுவிடும். பெரிய தோட்டம் வேண்டியதில்லை. வெயில் படும் ஒரு மாடிச்சுவர் ஓரமும், அடியில் துளையிட்ட இரண்டு தொட்டிகளும் போதும்.

முதலில் துளசி. காய்ந்து பழுப்பேறிய கதிரை உள்ளங்கையில் கசக்கினால் கடுகினும் சிறிய விதைகள் உதிரும். அவற்றை நுண்மணலோடு கலந்து, ஈரமண்மேல் தூவி, விரலால் மெல்ல அமுக்கினால் போதும். ஆழப் புதைத்தல் கூடாது. கையால் நீரைத் தெளித்துவர, ஓரிரு வாரங்களில் முளை தோன்றும். நான்கைந்து இலை விட்டபின் பிரித்து நடலாம். அடுத்தது கோதை சண்டையிட்ட அந்தக் கருவிளை. நாம் சங்குப்பூ என்கிறோம். அவரைபோன்ற தட்டையான நெற்றிலிருந்து எடுத்த விதையின் தோல் கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஏறுவதற்குக் கயிறோ குச்சியோ கட்டிவிட்டால், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நீலப் பூ காணலாம். எம்பெருமானின் நிறம் எது என்று கேட்கும் குழந்தைக்கு அதைவிட எளிய விடை வேறில்லை. சிறுவர்க்கு விளையாட்டாகக் காசித்தும்பையும் சேர்க்கலாம். முற்றிய காயைத் தொட்டவுடன் வெடித்து விதை தெறிக்கும்; அடுத்த விதைப்பை அவர்களே தொடங்கிவிடுவர். கோயிலுக்குக் கொண்டுசெல்லும் பூ எதுவாயினும் அவ்விடத்து அர்ச்சகரைக் கேட்டுச் செய்வது முறை.

ஒன்றை மட்டும் பெரியோர் நினைவில் வைக்க வேண்டும். தொட்டியைக் குழந்தையிடம் கொடுத்தபின், நாம் இரகசியமாக நீர் விட்டு அதைக் காப்பாற்றக் கூடாது. வாடினால் வாடட்டும்; மறுபடி விதைக்கலாம். தான் மறந்ததால் ஒன்று வாடிற்று என்று கண்ட குழந்தைக்கே, நமக்குக் காப்பிட ஒருவர் விழித்திருந்தார் என்பதன் பொருள் விளங்கும். பூத்தபின் அது முதல் மலரை முகர்ந்துவிடலாம், தன் தலையிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். கோதைக்கு வாய்த்தது அவளுக்கே உரியது. அதைக் காட்டி நெறியைத் தளர்த்தலாகாது. ஆயினும் கடிந்துகொள்ளாமல், முதற்பூ பெருமாளுக்கு, அடுத்த பூ உனக்கு என்று பகிர்ந்து கொடுத்துவிட்டால் நெறியும் நிற்கும், குழந்தையின் ஆசையும் நிறையும்.

எட்டு மாதத்துக்குள் நான்கு மாதத்துக்கு வேண்டியதைச் சேர்க்கச் சொன்னார் அந்த வழிப்போக்கர். நம்மில் பலருக்கு எட்டு மாதங்களும் கழிந்துவிட்டன. அடுத்த தலைமுறையின் கையில் ஒரு பிடி விதையையும், அதை இடவேண்டிய திருவடியையும் காட்டிவிட்டுப் போவதே நாம் சேர்த்துவைக்கக்கூடிய பொருள். வரும் ஆடிப் பூரத்துக்குள் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு குழந்தை ஒரு துளசி விதையேனும் தூவட்டும்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம். ஆண்டாள் திருவடிகளே சரணம்.